மறைவிடத்தில் ஒரு கட்டி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

30 வருடத்துக்குக் கிட்டத் தாதியாக வேலை செய்தேன். பெரும்பகுதி கொழும்பில், பெண்கள் விடுதிகளிலும் சத்திரசிகிச்சை கிளினிக்குகளிலும். பென்ஷன் எடுத்த பிறகும் கேள்விகள் மட்டும் ஓயவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "மிஸ், ஒரு விஷயம் கேக்கோணும். எனக்கில்லை, என்ர சிநேகிதி ஒராளுக்கு" என்பார்கள். அந்தச் சிநேகிதிக்குக் கட்டி எப்போதும் ஒரே இடத்தில்தான். ஆண்கள் நேரில் கேட்பதில்லை; மனைவியை அனுப்புவார்கள்.

நான் வைத்தியர் அல்ல. இங்கே எழுதியிருப்பதை வைத்து உங்கள் கட்டிக்கு நீங்களே பெயர் வைக்கக்கூடாது. எதற்கு எங்கே போவது, எதற்கு அந்தரப்பட்டு ஓடுவது, எதற்கு ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

கட்டி என்றாலே புற்றுநோய்தானே?

இல்லை. நான் பார்த்ததில் பெரும்பாலானவை மயிர்க்கால் வீங்கியது, சுரப்பி அடைத்தது, நெறி கட்டியது, குடலிறக்கம். புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் "குறைவு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கட்டியைத் தொட்டுப் பார்க்காமல் அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. இரவு 2 மணிக்கு ஃபோனில் தேடினால் முதலில் வருவது புற்றுநோய்தான். தேடுகிற பெட்டிக்கு உங்கள் வயதும் தெரியாது, நேற்று நீங்கள் ஷேவ் பண்ணியதும் தெரியாது.

பெண்களுக்கு அந்த இடத்தில் என்னென்ன கட்டி வரும்?

முதலிடம் மயிர்க்கால் அழற்சிக்கு. ஷேவ் பண்ணி அல்லது வக்ஸ் பண்ணி இரண்டு மூன்று நாளில் சிவந்து நோகிற சின்னப் பரு. சில வேளை வெட்டுப்பட்ட முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும். நம்முடைய வெக்கையில் இறுக்கமான ஜீன்ஸும் நைலோன் உள்ளாடையும் போட்டு, 100ஆம் நம்பர் பஸ்ஸில் நெரிபட்டுப் போய்வந்தால் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பருத்தி உள்ளாடை போட்டு, கொஞ்ச நாள் பிளேட்டைத் தள்ளி வைத்து, இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்தால் அநேகமாக ஒரு கிழமைக்குள் அடங்கும்.

அடுத்தது யோனி வாசலின் ஓரத்தில், கீழ்ப்பக்கமாக, ஒரு பக்கம் மட்டும் வருகிற வீக்கம். மணிக்கூட்டு முகத்தை நினைத்தால் 4 மணியும் 8 மணியும் இருக்கிற இடம். அங்கே பக்கத்துக்கு ஒன்றாகப் பயறளவில் பார்த்தொலின் சுரப்பிகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த டென்மார்க் நாட்டு உடற்கூற்றியலாளரின் பெயர் அது. ஈரப்பசைக்காக நீர் சுரப்பதுதான் வேலை. குழாய் வாய் அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கி, கடலையளவில் தொடங்கித் தேசிக்காயளவுக்கும் போகும். நூறு பெண்களில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும். நோகாமல் சின்னதாக இருந்தால் வைத்தியர் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார். கிருமி பிடித்துச் சீழ் கட்டினால் கதை வேறு. இருக்க முடியாது, நடக்க முடியாது.

எனக்கே வந்தது, 31 வயதில். தினமும் மற்றப் பெண்களுக்கு "வெக்கப்படாதீங்க அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்த நான், கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று ஐந்து கிழமை மறைத்தேன். கடைசியில் காய்ச்சலோடு இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீறி எடுத்தேன். கீறிய பத்து நிமிடத்தில் வலி பாதியாகக் குறைந்தபோது, அந்த ஐந்து கிழமையையும் நினைத்து எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. நேரத்தோடு போயிருந்தால் வெந்நீரில் இருந்தே அடங்கியிருக்கலாம்.

சீழ் கட்டியதற்குக் கீறிவிடுவது, திரும்ப மூடாமல் இருக்கச் சின்னக் குழாய் வைப்பது, வாயைத் திறந்து ஓரத்தைத் தைத்துவிடுவது என்று சிகிச்சைகள் உண்டு. 40 வயதுக்குப் பிறகு முதன்முதலாக அந்த இடத்தில் கட்டி வந்தால் மட்டும் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டிவரலாம். அந்த வயதில் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான். துண்டு எடுக்கிறார்கள் என்பதற்காகப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை.

கர்ப்பகாலத்தில் நரம்பு புடைத்து நீலமாகத் தொங்குவது உண்டு. பிள்ளை பிறந்த பிறகு அநேகமாக வற்றிவிடும். பிள்ளைகள் பெற்ற வயதான பெண்கள் "உள்ளேயிருந்து ஏதோ வெளியே தள்ளுது, பின்னேரத்தில் கூடுது, படுத்தால் இல்லை" என்பார்கள். அது கட்டியே அல்ல, கர்ப்பப்பை இறக்கம். வளையம் வைக்கலாம், ஒப்பரேஷனும் செய்யலாம். அதை 15 வருடம் சேலைக்குள் ஒளித்து வைத்திருந்த அம்மாக்களை நான் கழுவித் துடைத்திருக்கிறேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்லவேண்டும். மாதக்கணக்கில் விடாத கடி, வெள்ளைப் படையாகத் தடித்த தோல், ஆறாத புண், கரடான கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பங்கசுக்கென்று பூச்சு வாங்கிப் பூசிக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். வெளியுறுப்பில் வரும் புற்றுநோய் அரிது. வந்தால் இந்த வயதில்தான் அதிகம்.

எனக்கு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் கவட்டுக்குள் கட்டி வருகிறது. உடம்புச் சூடா?

இளநீரும் வெந்தயமும் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதோடு சீனியையும் பாருங்கள். அடிக்கடி கட்டி வருவதற்கு நீரிழிவு ஒரு காரணம். அது இருப்பது கட்டியால்தான் தெரியவந்தது என்றவர்கள் பலர். வெறும் வயிற்றில் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். சீனி சரியாக இருந்தும் கவட்டிலும் அக்குளிலும் மாறி மாறிக் கட்டி வந்து, உடைந்து, தழும்பு விட்டு, அதே இடத்தில் திரும்பவும் வந்தால் அது மயிர்க்கால்களோடு சம்பந்தப்பட்ட ஒரு நாட்பட்ட தோல் வருத்தமாக இருக்கலாம். அதற்குத் தோல் வைத்திய நிபுணர் வேண்டும். அது அழுக்கால் வருவது அல்ல. "குளிக்கிறதில்லையா?" என்று கேட்கிற மாமிமாருக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

ஆண்களுக்கு விதைப்பையில் கட்டி தட்டுப்பட்டால்?

விதையின் பின்பக்கத்தில் மென்மையாகக் கயிறுபோல ஒன்று தட்டுப்படும். அது உறுப்பின் பகுதியே, கட்டி அல்ல. இதைத் தடவிப் பயந்து வந்த பையன்கள் ஏராளம். ஒரு விதை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கீழே தொங்குவதும் வழமை.

இடப்பக்கத்தில் புழுக்கள் நிறைந்த பை போலத் தட்டுப்பட்டால் அநேகமாக நரம்புப் புடைப்பு. பை முழுவதும் தண்ணீர் நிறைந்ததுபோல வீங்கினால் ஓதம் என்று நம்மவர்கள் சொல்கிற விதைப்பை நீர்க்கட்டு. இதற்குப் பல காரணங்கள் உண்டு; ஒரு காலத்தில் கொழும்பு உட்பட மேற்குக் கரையோரத்தில் நுளம்பால் பரவிய யானைக்கால் நோயும் ஒன்று. இலங்கையில் அந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆகவே ஓதம் என்றதும் யானைக்கால் என்று முடிவுகட்டத் தேவையில்லை. இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் கவட்டில் புடைத்து, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கம். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற அண்ணன்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை, அவர்களுக்கே பெயர் தெரியும். தெரிந்தும் காட்ட மாட்டார்கள்.

காட்டியே ஆகவேண்டியது, விதையோடு ஒட்டிய, கல்லுப்போல் கெட்டியான, நோகாத கட்டி. நோகாததால் விட்டுவிடுவார்கள், சிக்கல் அங்கேதான். விதைப் புற்றுநோய் கிழவர்களின் நோய் அல்ல. 15 வயதிலிருந்து 40 வயதுக்குள்தான் அதிகம். நேரத்தோடு பிடித்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிற புற்றுநோய் அது. ஒரு ஸ்கானில் பெரும்பாலும் தெளிவாகிவிடும். மாதம் ஒருமுறை குளித்து முடித்ததும், பை தளர்ந்திருக்கும்போது, இரண்டு விதையையும் விரலால் உருட்டிப் பாருங்கள்.

நாளைவரை பொறுக்கவே கூடாதது எது?

பையனுக்குத் திடீரென்று ஒரு விதையில் தாங்க முடியாத நோ, வீக்கம், சத்தி. விதை முறுகியிருக்கலாம். இரத்த ஓட்டம் நின்றுவிடும். 6 மணித்தியாலத்துக்குள் ஒப்பரேஷன் செய்தால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம், நேரம் போகப்போக இழக்க நேரும். பிள்ளைகள் "வயிறு நோகுது" என்றுதான் சொல்வார்கள், வெட்கத்தில். உள்ளாடையைக் கழற்றிப் பாருங்கள். பனடோல் கொடுத்துப் படுக்கவிடாதீர்கள். சிறுவர்களைப் பொரளையில் உள்ள லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம்.

உள்ளே போய்வந்த குடலிறக்கம் போகாமல் இறுகி, நொந்து, சத்தியும் வந்தால் குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பிடக் கொடுக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

சீனி வருத்தக்காரருக்கு மறைவிடத்தில் வீக்கம் மணிக்கணக்கில் பரவி, தோல் கறுத்து, காய்ச்சலும் வந்தால் அதுவும் இதே கணக்குத்தான். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இது பாலுறவால் வந்ததா? அவருக்கு வேறு தொடர்பு இருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பதில் உண்டு. பூக்கோசுபோலச் சின்னச் சின்னதாகக் கூட்டமாக வளர்வது மரு. 90 வீதம் மட்டில் எச்.பி.வி. வைரசின் 6, 11 என்ற இரு வகைகளால் வருகிறது; இவை புற்றுநோய் உண்டாக்குகிற வகைகள் அல்ல. நடுவில் குழி விழுந்த முத்துப்போன்ற பரு இன்னொரு வைரஸ். பிள்ளைகளுக்கு உடம்பு முழுக்க வருகிற அதே சாமான், பெரியவர்களுக்கு இந்த இடத்தில். எரிந்து நோகிற நீர்க்கொப்புளங்கள் ஹேர்பீஸாக இருக்கலாம். நோகாத, அடி கெட்டியான ஒற்றைப் புண்ணும் கவட்டில் நெறியும் சேர்ந்தால் சிபிலிஸைச் சோதிக்க வேண்டும். அது தொடர்புக்குப் பிறகு 10 முதல் 90 நாளுக்குள் தோன்றும்.

இரண்டாவது கேள்விக்குக் கட்டி சாட்சி சொல்லாது. மரு வைரஸ் தொற்றி மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். கலியாணத்துக்கு முன்னைய விஷயமாக இருக்கலாம், எந்தப் பக்கத்திலும். சண்டை பிடிப்பதென்றால் பரிசோதனை முடிவு கையில் வந்த பிறகு பிடியுங்கள். அதுவரை ஆணுறை, இருவருமே சோதித்துக்கொள்ளுங்கள்.

எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் பாடசாலைகளில் 6ஆம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. முக்கிய நோக்கம் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பது. சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

எப்போதுமே இருந்ததா, புதிதா என்று தெரியவில்லை.

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. ஆண்குறியின் தலையைச் சுற்றி வரிசையாக முத்துக் கோத்ததுபோல இருப்பவை, இருபக்கமும் ஒரே அளவில் உள் இதழில் இருக்கிற மெல்லிய முளைகள், ஊசிமுனையளவு மஞ்சள் புள்ளிகள் எல்லாம் உடம்பின் இயல்பான அமைப்புகள்தான். இவற்றை மரு என்று நினைத்து அசிட் வாங்கிப் பூசிப் புண்ணாக்கியவர்கள் உண்டு. உங்கள் உடம்பின் வழமை எது என்று தெரிந்தால்தான் புதிது எது என்று தெரியும். ஒரு கைக்கண்ணாடி போதும்.

வீட்டு வைத்தியம் செய்யலாமா?

இளஞ்சூட்டு நீர் நிரப்பிய பேசினில் 10, 15 நிமிடம், நாளுக்கு மூன்று நாலு தரம் இருக்கலாம். மயிர்க்கால் கட்டிக்கும் பார்த்தொலின் வீக்கத்துக்கும் இது உண்மையாகவே உதவும். நோவுக்குப் பனடோல் எடுக்கலாம்.

பிதுக்கக்கூடாது, ஊசியால் குத்தக்கூடாது. சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பற்றுப் போடுவது கையில் வந்த கட்டிக்கே சரியில்லை, இந்த மெல்லிய தோலில் பொசுக்கிவிடும். தலைவலித் தைலமும் வேண்டாம். டெட்டோல் கலந்து உள்ளே கழுவவே வேண்டாம். பாமசியில் போய் "கட்டிக்கு அன்ரிபயோட்டிக் நாலு தாங்கோ" என்று வாங்கிப் பாதிக் கோர்ஸ் போட்டால் சீழ் அடங்கினது மாதிரி இருந்து பிறகு பெரிதாக வரும். உள்ளே தேங்கிய சீழ் குளிசையால் மட்டும் வெளியே வராது.

கொழும்பில் யாரிடம், எங்கே போவது?

ஆகவும் சுலபம், உங்கள் குடும்ப வைத்தியர். அவர் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதுதான் தயக்கம் என்றால், அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் யாருக்கும் உங்களைத் தெரியாது, காசும் இல்லை. வெள்ளவத்தை, தெஹிவளைக்காரருக்குக் களுபோவிலை கிட்ட. கொட்டாஞ்சேனை, மருதானைக்காரருக்குத் தேசிய வைத்தியசாலை. அங்கிருந்து சத்திரசிகிச்சை கிளினிக்குக்கோ பெண்ணோயியல் கிளினிக்குக்கோ அனுப்புவார்கள். பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இருக்கிறது. காசு இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் நிபுணரைச் சனல் பண்ணலாம். பெண்ணுக்குப் பெண்ணோயியல் நிபுணர், விதைப்பைக்குச் சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர். தெரியாமல் தோல் வைத்தியரிடம் போனாலும் பிழையில்லை, அவர் வழி காட்டுவார்.

பாலியல் தொற்றாக இருக்குமோ என்ற பயம் இருந்தால், கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய வைத்தியசாலைக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்க பாலியல் நோய் கிளினிக்குக்கு நேரே போகலாம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை, இலவசம், விஷயம் வெளியே போகாது. அந்த ஒழுங்கையில் யாராவது கண்டால் என்ன சொல்வது என்று ஒருவர் கேட்டார். பெரியாஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். கொழும்பில் பாதிப் பேர் அங்கே அதற்குத்தானே நிற்கிறார்கள்.

கட்டி எதுவும் இல்லாவிட்டாலும், 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூப்பிடுவார்கள். 1996 முதல் நடக்கிறது. சீனி, பிரஷர், மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் ஒரே காலையில் பார்த்துவிடுவார்கள்.

கலியாணம் ஆகாதவள். உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களா?

வெளியே உள்ள கட்டியை வெளியே பார்த்தே சொல்லிவிடலாம். உள்ளே கருவி வைக்கத் தேவையில்லை. உறவு வைத்ததில்லை என்று முதலே சொல்லிவிடுங்கள். கேட்பார்கள், அது ஒழுக்கத்தைத் தோண்டுவதற்கல்ல. தேவை வந்தால் வயிற்றுக்கு மேலால் ஸ்கான் எடுக்கலாம். ஆண் வைத்தியர் என்றால் பக்கத்தில் பெண் தாதி நிற்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வேண்டாம் என்று தோன்றினால் எந்த இடத்திலும் நிறுத்தச் சொல்லலாம். அம்மா கூட வருவதென்றால் வரட்டும், ஆனால் வைத்தியரோடு இரண்டு நிமிடம் தனியே கதைக்கக் கேளுங்கள்.

என்ன சொல்வது? வாயே வராது. சிங்களமும் அவ்வளவு தெரியாது.

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் திகதி கண்டீர்கள், எந்தப் பக்கம், அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு. சென்ரிமீற்றர் வேண்டாம், கடலை, புளியங்கொட்டை, தேசிக்காய் என்றால் எல்லா வைத்தியருக்கும் விளங்கும். நோகுதா, அசையுதா, சீழ் அல்லது இரத்தம் வந்ததா, காய்ச்சல் இருந்ததா, கடைசி மாதவிடாய் எப்போது, சீனி இருக்கிறதா, என்ன குளிசை போடுகிறீர்கள், எது ஒத்துக்கொள்ளாது. வாய் வராவிட்டால் கடதாசியை நீட்டிவிடுங்கள். நானே எத்தனையோ துண்டுகளை வைத்தியருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

சிங்களத்தில் "மெதன கெடியக் தியெனவா" என்றால் இங்கே ஒரு கட்டி இருக்கிறது. நொந்தால் "ரிதெனவா", நோகாவிட்டால் "ரிதென்னே நே". "லேடி டொக்டர் கெனெக் இன்னவாத?" என்று கேட்டால் பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று அர்த்தம். இந்த நாலும் போதும்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பீர்களா?

மாட்டேன். தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். கட்டி மென்மையா கெட்டியா, நகருமா ஒட்டியிருக்குமா என்பதுதான் விஷயமே. அது படத்தில் வராது. படம் மட்டும் எங்கெங்கோ போகும்.

மலவாசல் ஓரத்துக் கட்டி?

திடீரென நீலமாகப் புடைத்து நொந்தால் மூலத்தில் இரத்தம் உறைந்தது. சில நாளில் நோ குறையத் தொடங்கும். துடித்து நொந்து காய்ச்சலும் வந்தால் சீழ்க்கட்டி, அன்றே காட்ட வேண்டும், விட்டால் பவுத்திரமாக மாறலாம். 40 தாண்டியவருக்கு இரத்தமும் போய், மலம் போகிற பழக்கமும் மாறினால் "மூலம்தானே" என்று இருக்கவேண்டாம்.

இரண்டு கிழமையில் தானாகவே போய்விட்டது. இனியும் போகவேண்டுமா?

ஷேவ் பண்ணிய பிறகு வந்து போனதென்றால் தேவையில்லை. நோகாத புண்ணாக இருந்து ஆறியதென்றால் கட்டாயம் போங்கள். சிபிலிஸ் புண் சிகிச்சை இல்லாமலே 3 முதல் 6 கிழமையில் ஆறிவிடும். நோய் இரத்தத்தில் இருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனை, இருந்தால் பெனிசிலின் ஊசி. கவட்டில் நெறி மட்டும் கட்டி வற்றிப்போயிருந்தால் காலில் புண், நகச்சுத்து ஏதும் இருந்ததா என்று பாருங்கள், அநேகமாக அதுதான். நாலு கிழமையாகியும் நெறி வற்றாவிட்டால் காட்டுங்கள்.

காட்டப் போகுமுன் ஷேவ் பண்ணிக்கொண்டு போகவேண்டுமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், சத்தியமாக. வேண்டாம். கட்டிக்கு மேலால் பிளேட் போட்டு வெட்டிக்கொண்டு வந்து, முதலில் வெட்டுக்காயத்துக்கு மருந்து கட்டவேண்டி வந்ததெல்லாம் உண்டு. வழமைபோலக் குளித்துவிட்டுப் போங்கள். லூசான பாவாடை அல்லது சாரம் வசதி.